விற்பனைக்கு: நன்கு பராமரிக்கப்பட்ட வரலாறு

சற்று நீண்ட பதிவு. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

"அரச குடும்பத்தின் உடைமையாக இருந்தது. மேற்கூரையை மடக்கித் திறக்கலாம். நன்கு பராமரிக்கப்பட்டது. ஓடும் நிலையில் உள்ளது." பழைய சொகுசுக் கார்களை விற்பனைக்கு வைக்கும் அறிவிப்புகள் பெரும்பாலும் இந்த நான்கு தொடர்களுக்குள் அடங்கிவிடும். விலையும் நிறமும் தயாரிப்பாண்டும் மாறலாம். இந்த நான்கும் மாறுவதில்லை. வாங்குவோர் இவற்றைப் பொருளின் தகுதிகளாகப் படிக்கின்றனர். பொருள்சார் பண்பாட்டு வரலாற்றைப் பயில்கின்றவர்கள் இவற்றை வேறு விதமாகப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. இவை நான்கும் வரலாற்றுக் கூற்றுகள். ஓர் ஆய்வேட்டில் இத்தகைய கூற்று இடம்பெற்றால் நெறியாளர் முதலில் கேட்பது சான்று எங்கே என்பதுதான். விற்பனை அறிவிப்பிடம் அக்கேள்வியை நாம் கேட்பதில்லை. கேட்காததன் விளைவாக, இந்தியாவில் எஞ்சியுள்ள பழங்கார்களின் வரலாற்றை எழுதும் பொறுப்பு வரலாற்றுத் துறையின் கையிலிருந்து நழுவி விற்பனையாளரின் கைக்குப் போய்விட்டது.

முதல் தொடரை எடுத்துக்கொள்வோம். "அரச குடும்பத்தின் உடைமை." 1911ஆம் ஆண்டு தில்லி தர்பாருக்காக ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பரிவாரத்துக்கு எட்டு ரோல்ஸ்-ராய்ஸ் சில்வர் கோஸ்ட் கார்கள் வழங்கப்பட்டன. அக்காலந்தொட்டு இந்திய சமஸ்தானங்களில் யானைக்கும் அம்பாரிக்கும் இருந்த இடத்தைக் கார் மெல்ல மெல்லப் பெற்றது. குறிப்பாக மேற்கூரை திறக்கும் கார். அரசர் உலா வருகையில் மக்கள் அவரைக் காண வேண்டும். மூடிய வண்டியில் அது இயலாது. ஆகவே, ஐரோப்பாவில் கோடைக்கால இன்பப் பயணத்துக்கென உருவான ஒரு வண்டி வடிவம் இங்கே தரிசனத்தின் கருவியாக மாறியது. இதுவே ஒரு நல்ல ஆய்வுப் பொருள். ஆனால் விற்பனை அறிவிப்புகள் இதைச் சொல்வதில்லை. அவை சொல்பவை கதைகள்.

அக்கதைகளுள் புகழ்பெற்றதை அனைவரும் கேட்டிருப்போம். இலண்டன் விற்பனைக் கூடத்தில் அவமதிக்கப்பட்ட இந்திய அரசர் ஒருவர், அங்கிருந்த ரோல்ஸ்-ராய்ஸ் கார்களை மொத்தமாக வாங்கிவந்து ஊர்க்குப்பை அள்ளப் பயன்படுத்தினார் என்பது அக்கதை. சிலர் அவரை ஆல்வார் அரசர் என்பர். சிலர் பாட்டியாலா என்பர். சிலர் பரத்பூர் என்பர். சிலர் ஐதராபாத் நிஜாம் என்பர். நாட்டுப்புறவியல் பயின்றவர்களுக்கு இது பழக்கமான நிலைதான். நிகழ்ச்சி மாறாமல் நின்று நாயகன் பெயர் மட்டும் ஊருக்கு ஊர் மாறுமானால், நம் முன் இருப்பது கதைக்கூறு, ஆவணம் அன்று. காலனிய அவமதிப்புக்கு ஒரு சமூகம் கற்பனையில் கண்டுகொண்ட பதிலடி என்ற வகையில் அதற்கு மதிப்புண்டு. ஒரு குறிப்பிட்ட காரின் உரிமைச் சான்றாக அதைக் கொள்ள முடியாது.

கதைக்குப் பதிலாக ஆவணத்தைப் பின்தொடர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1934ஆம் ஆண்டில் ராஜ்கோட் சமஸ்தானத்துக்காக ஒரு ரோல்ஸ்-ராய்ஸ் பேன்டம் 2 கான்டினென்டல் உருவாக்கப்பட்டது. அதன் உடலை இலண்டனின் திரப் அண்ட் மேபர்லி நிறுவனம் கட்டியது. எல்லாப் பருவத்துக்கும் ஏற்றவாறு கூரையை மடக்கவும் மூடவும் கூடிய அமைப்பு, காவி நிறம், முன்புறம் நிறைந்த விளக்குகள். 'இந்தியாவின் நட்சத்திரம்' என்ற பெயரால் பழங்கார் உலகம் அதை அறியும். 1960களில் அது நாட்டைவிட்டு வெளியேறியது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களிடம் இருந்தது. ஏலச் சந்தைக்கு வந்தது. இறுதியில் ராஜ்கோட் அரச குடும்பத்தின் வழித்தோன்றலாலேயே மீட்டு வாங்கப்பட்டது. பழங்கார் ஆர்வலர்கள் இக்கதையைப் பெருமிதத்துடன் சொல்வார்கள். அப்பெருமிதத்தில் தவறேதும் இல்லை.

ஆனால் அதே அரசரின் பெயர் மற்றொரு வரலாற்று நூல்வரிசையிலும் இடம்பெறுகிறது. 1930இல் பட்டத்துக்கு வந்த தாக்கூர் சாகேப் தர்மேந்திரசிங், சுமார் 75,000 மக்களே வாழ்ந்த ஒரு சிறு சமஸ்தானத்தின் ஆட்சியாளர். அவருடைய தந்தை லாக்காஜிராஜ் 1923இல் மக்கள் பிரதிநிதி சபை ஒன்றை நிறுவியவர். மகன் காலத்தில் கருவூலம் வற்றியது. தீப்பெட்டி, சர்க்கரை, அரிசி முதலிய அன்றாடப் பொருள்களின் விற்பனை உரிமை தனி வணிகர்களுக்கு ஏகபோகமாக விற்கப்பட்டது. அதன் எதிர்வினையே 1938-39ஆம் ஆண்டுகளின் ராஜ்கோட் சத்தியாகிரகம். 1938 டிசம்பரில் வல்லபாய் பட்டேலுடன் செய்துகொண்ட உடன்பாட்டிலிருந்து ஆட்சியாளர் பின்வாங்கினார். கஸ்தூரிபா சமஸ்தானத்தில் காவலில் வைக்கப்பட்டார். 1939 மார்ச் 3ஆம் நாள் காந்தியடிகள் ராஜ்கோட்டில் உண்ணாநோன்பு தொடங்கினார்; வைசிராய் தலையிட்டு, தலைமை நீதிபதி மாரிஸ் குவயரின் தீர்ப்புக்கு விடுவதென முடிவானபின் 7ஆம் நாள் அதை முடித்துக்கொண்டார். காந்தியின் தந்தை ஒருகாலத்தில் திவானாக இருந்த சமஸ்தானம் அது. காந்தி பள்ளியில் பயின்ற நகரமும் அதுவே.

ஒரே அரசர், ஒரே பத்தாண்டு, ஒரே கருவூலம். காரைப் பற்றிய நூல்களில் சத்தியாகிரகம் இல்லை. சத்தியாகிரகத்தைப் பற்றிய நூல்களில் கார் இல்லை. காரை வாங்கியதால்தான் கருவூலம் வற்றியது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லச் சமஸ்தானக் கணக்கேடுகளைப் பார்க்க வேண்டும். நான் சொல்வது இவ்வளவே: இவ்விரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பார்க்கும் கண் ஆய்வாளருக்குரியது. விற்பனையாளரிடம் அதை எதிர்பார்க்க முடியாது, எதிர்பார்ப்பது முறையுமன்று. "அரச குடும்பத்தின் உடைமை" என்னும் தொடர் விலையை உயர்த்துவதற்காக எழுதப்படுவது. அதே தொடர், வரி செலுத்திய குடியானவரின் பார்வையில் எழுதப்பட்டால் விலை உயருமா என்பது ஐயமே. ஆனால் வரலாறு முழுமை பெறும்.

இரண்டாவது தொடர் மேற்கூரையைப் பற்றியது. இங்கேதான் சிக்கல் நுட்பமாகிறது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய காலத்தில் ரோல்ஸ்-ராய்ஸ் போன்ற நிறுவனங்கள் முழுக் காரை விற்கவில்லை. என்ஜினும் சக்கரங்களும் பொருத்திய அடிச்சட்டகத்தை மட்டுமே விற்றன. 'சேசிஸ்' எனப்படும் அதன்மீது உடல் கட்டுவது பார்க்கர், ஹூப்பர், திரப் அண்ட் மேபர்லி போன்ற தனி வண்டிக்கூட்டு நிறுவனங்களின் வேலை. இந்தியாவிலும் அத்தொழில் இருந்தது. கல்கத்தாவின் ஸ்டூவர்ட் நிறுவனமும், 1840இல் சென்னையில் தொடங்கிய சிம்ப்சன் நிறுவனமும் குதிரைவண்டிக் கூட்டிலிருந்து மோட்டார் உடல் கட்டும் பணிக்கு வந்தவை. மரச்சட்டத்தின்மீது அலுமினியத் தகடு போர்த்திக் கட்டப்பட்ட உடல்கள் அவை. பருவமழையும் கரையானும் மரத்தைத் தின்றன. உடல் அழிந்தபின்னும் இரும்புச் சட்டகமும் என்ஜினும் நின்றன.

அழிந்த உடலுக்கு மாற்றாகப் புதிய உடல் கட்டுகையில் எந்த வடிவத்தில் கட்டுவது? பழங்கார்ச் சந்தையில், மூடிய உடலைவிடத் திறந்த உடலுக்கு விலை அதிகம். ஆகவே, தன் காலத்தில் மருத்துவரோ வணிகரோ பயன்படுத்திய மூடிய வண்டி ஒன்று, மறுபிறவியில் கூரை திறக்கும் அரச உலாவண்டியாக எழுந்துவருவதுண்டு. இது உலகெங்கும் நடப்பது. பழங்கார் அறிஞர்கள் நன்கு அறிந்தது. புதிய உடல் கட்டுவது குற்றமன்று. கட்டப்பட்டது என்பதைச் சொல்லாமல் விடுவதே குற்றம். சுவடிப் பதிப்பைப் பயின்ற நமக்கு இது புரியாத செய்தியன்று. சிதைந்த ஏட்டைப் பதிப்பாசிரியர் நிரப்பலாம். நிரப்பிய இடத்தைப் பகர அடைப்புக்குறியால் காட்டியாக வேண்டும். காட்டாமல் நிரப்பினால் அதன் பெயர் இடைச்செருகல். அடைப்புக்குறி இல்லாத பதிப்பைப் போன்றதே, உடல் மாற்றத்தை மறைத்த விற்பனை அறிவிப்பும்.

சரிபார்க்க வழி உண்டா என்றால், உண்டு. ரோல்ஸ்-ராய்ஸ், பென்ட்லி கார்களின் சேசிஸ் அட்டைகள் இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில் பாலர்ஸ்பரி என்னும் சிற்றூரில், ஆர்வலர் சங்கம் ஒன்றின் காப்பகத்தில் உள்ளன. முதலில் வாங்கியவர் யார், உடல் கட்டியவர் யார் என்பன போன்ற செய்திகளை அவற்றிலிருந்து அறியலாம். நம் சமஸ்தானத்து வாகனங்களின் பிறப்புச் சான்றுகள் அங்கே இருக்கின்றன. அவற்றின் இந்திய வாழ்வைப் பற்றிய சான்றுகள் இங்கே சிதறிக் கிடக்கின்றன. சமஸ்தானக் கணக்கேடுகள், பதிவு அலுவலகங்களின் பேரேடுகள், குடும்பப் புகைப்படங்கள், பட்டறைச் சீட்டுகள். காரை விற்கும்போது இவையும் உடன் கைமாறினால் நல்லூழ். பெரும்பாலும் கார் ஒரு வீட்டுக்கும் காகிதம் பழைய பேப்பர் கடைக்கும் போகின்றன.

மூன்றாவது தொடர், "நன்கு பராமரிக்கப்பட்டது." இத்தொடர் ஒரு தத்துவச் சிக்கலை மறைத்துவைத்திருக்கிறது. 1990இல் இலண்டன் உயர்நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளும் லே மான் பந்தயத்தில் வென்ற 'ஓல்டு நம்பர் ஒன்' என்னும் பென்ட்லி ஸ்பீடு சிக்ஸ் காரை ஒரு கோடிப் பவுண்டு மதிப்பில் வாங்க ஒப்பந்தம் செய்த நிறுவனம், இது அந்தக் கார் அன்று என்று கூறிப் பின்வாங்கியது. பந்தயத்தில் ஓடிய காலத்திலேயே அதன் உறுப்புகள் மாற்றப்பட்டிருந்தன. 1932இல் புரூக்லாண்ட்ஸ் தடத்தில் அது பெரும் விபத்தைச் சந்தித்தது. பின்னர் வேறு உடல் கட்டப்பட்டது. வென்ற நாளில் இருந்த உறுப்புகளில் எஞ்சியவை மிகச் சில. ஆயினும் அதன் வாழ்வு அறுபடாமல் தொடர்ந்து வந்தது என்பதால், அப்பெயரால் அதை அழைக்கலாம் என்று நீதிபதி ஆட்டன் தீர்ப்பளித்தார்.

இக்கேள்வி நமக்குப் புதிதன்று. பாலி மொழியின் மிலிந்த பஞ்ஹாவில், மிலிந்த அரசன் ஏறிவந்த தேரை முன்வைத்து நாகசேனர் இதைத்தான் கேட்கிறார். அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா? எதுவுமன்று, அவற்றின் கூட்டுக்கு வழங்கும் பெயரே தேர். பௌத்தத் துறவி தன்மை என ஒன்றில்லை என்பதை நிறுவ எடுத்துக்கொண்ட உவமை, ஈராயிரம் ஆண்டுகள் கழித்து ஆங்கில நீதிமன்றத்தில் ஒரு விற்பனை ஒப்பந்தத்தின் மதிப்பைத் தீர்மானித்தது. நீதிபதியின் தீர்ப்பிலிருந்து ஆய்வாளர் பெற வேண்டிய பாடம் ஒன்றுண்டு. ஒரு காரின் உண்மைத்தன்மை அதன் இரும்பில் மட்டும் இல்லை. அதன் தொடர்ச்சியில் இருக்கிறது. தொடர்ச்சியைக் காட்டுவது ஆவணம். ஆவணம் அழிந்தால், எவ்வளவு இரும்பு எஞ்சியிருந்தாலும் அது பெயரற்ற பழம்பொருளே.

உலகப் பழங்கார் சங்கங்களின் கூட்டமைப்பு 2012இல் உருவாக்கிய தூரின் சாசனம் இந்த நோக்கில் குறிப்பிடத்தக்கது. நினைவுச்சின்னங்களின் பாதுகாப்புக்கென 1964இல் வெனிஸ் நகரில் உருவான சாசனத்தை அடியொற்றியது அது. பாதுகாத்தலும் மீட்டெடுத்தலும் ஒன்றல்ல. இயன்ற அளவு குறைவாகத் தலையிட வேண்டும். செய்த மாற்றத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பன அதன் அடிப்படைகள். இந்த அளவுகோலால் பார்த்தால், புதுப் பெயின்ட் பளபளக்க நிற்கும் கார் "நன்கு பராமரிக்கப்பட்டது" என்று எளிதில் சொல்லிவிட முடியாது. பழைய பெயின்டைச் சுரண்டியபோது ஒரு சான்றையும் சேர்த்துச் சுரண்டியிருக்கிறோம்.

பராமரித்தவர் யார் என்பதையும் இத்தொடர் மறைக்கிறது. செயப்பாட்டு வினைக்கு அதுவே வசதி. செய்தவர் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட ஆண்டுகளில், உதிரிபாகம் வராத நாட்டில், இந்தக் கார்களை ஓடவைத்தவர்கள் பட்டறைத் தொழிலாளர்கள். தேய்ந்த பேரிங்கில் வெள்ளை உலோகத்தை உருக்கி வார்த்தனர். உடைந்த பல்சக்கரத்தைப் பார்த்து அச்சாகக் கடைந்தனர். மடக்குக் கூரையின் துணியைக் கூடாரம் தைப்பவரிடம் கொடுத்துத் தைத்தனர். கிடைக்காத உறுப்புக்குப் பதிலாக ஜீப்பின் உறுப்பையோ அம்பாசிடரின் உறுப்பையோ பொருத்தினர். இன்றைய மீட்டெடுப்பாளர் அந்த அம்பாசிடர் உறுப்பை 'அசல் அன்று' எனக் கழற்றி எறிகிறார். வரலாற்றாசிரியருக்கு அது எறிய வேண்டிய பொருளன்று. தட்டுப்பாட்டுப் பொருளாதாரத்தின் சான்று அது. பெயரறியாத ஒரு கைவினைஞரின் கையெழுத்தும் அதுவே. அக்கைவினைஞர்களின் கடைசித் தலைமுறை இன்று முதுமையில் இருக்கிறது. அவர்களிடம் ஒலிப்பதிவுக் கருவியுடன் சென்று அமரும் ஆய்வு மாணவர்கள் எத்தனை பேர்?

நான்காவது தொடர், "ஓடும் நிலையில் உள்ளது." ஓடலாமா என்பது சட்டத்தைப் பொறுத்தது. 2021 ஜூலையில் ஒன்றிய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கெனத் தனி விதிகளை அறிவித்தது. 50 ஆண்டுகளைக் கடந்த, வணிகப் பயன்பாட்டில் இல்லாத, மூல வடிவில் பேணப்பட்ட இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு அவை பொருந்தும். 'விஏ' என்னும் எழுத்துகள் கொண்ட தனிப் பதிவெண் வழங்கப்படும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பதிவு பத்தாண்டுகள் செல்லும். கண்காட்சி, அணிவகுப்பு, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்காக மட்டுமே சாலையில் ஓட்டலாம். 1964இல் தில்லியில் ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் பழங்கார் அணிவகுப்பைத் தொடங்கிய காலத்திலிருந்து ஆர்வலர்கள் எதிர்பார்த்திருந்த ஏற்பு இது எனலாம். வரவேற்கத்தக்கதே.

ஆனால் இதே காலத்துச் சட்டத்தின் மறுமுகத்தையும் பார்க்க வேண்டும். தில்லித் தலைநகர வட்டாரத்தில் பத்தாண்டு கடந்த டீசல் வாகனங்களும் பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் வாகனங்களும் ஓடக்கூடாது என்னும் பசுமைத் தீர்ப்பாய ஆணையை 2018 அக்டோபரில் உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. அதன் நடைமுறை பின்னர் மீண்டும் நீதிமன்றப் பரிசீலனைக்கு வந்தது. நச்சுக்காற்றைச் சுவாசிக்கும் நகரத்துக்கு இத்தகைய கட்டுப்பாடு வேண்டியதே. என் கேள்வி வேறு. பதினைந்து வயதில் கழிவு, ஐம்பது வயதில் மரபுச் செல்வம் என்றால், இடைப்பட்ட முப்பத்தைந்து ஆண்டுகளை ஒரு வாகனம் எங்கே கழிப்பது? கொட்டகையும் காவலாளும் உள்ள வீட்டில்தான் கழிக்க முடியும். எனவே எந்த வாகனம் மரபாக முதிர்வது, எது பழைய இரும்பாக முடிவது என்பதை அதன் வரலாற்றுச் சிறப்பு தீர்மானிப்பதில்லை. உரிமையாளரின் நிலப்பரப்பு தீர்மானிக்கிறது. மும்பையின் பிரீமியர் பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபரில் சாலையிலிருந்து விடைபெற்றன. எந்த அரசரின் காரையும்விட அதிக மக்களைச் சுமந்தவை அவை. அவற்றுள் எத்தனை அருங்காட்சியகம் சேரும்?

மறுபுறம், 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம் நூறாண்டு கடந்த பொருளையே தொல்பொருள் என வரையறுக்கிறது. சுவடிகளுக்கு மட்டும் 75 ஆண்டுகள். அதன்படி, 1934இல் உருவான கார் 2034இல்தான் அந்த எல்லையைத் தொடும். சட்டம் காத்திருக்கலாம், சந்தை காத்திருக்கவில்லை. 1971இல் 26ஆவது அரசியலமைப்புத் திருத்தம் மன்னர் மானியத்தை ஒழித்தது. அதற்குமுன்பே வருவாய் சுருங்கியிருந்த அரண்மனைகளிலிருந்து கார்கள் வெளிநாட்டாருக்கு விற்கப்பட்டுக்கொண்டிருந்தன. 1970களின் தொடக்கத்தில் அரசு ஏற்றுமதியைத் தடுத்தது. எனினும் போனவை போனவையே. 1910இல் கல்கத்தா வாழ் பொறியாளர் மேத்யூசன் இங்கிலாந்தின் லோஸ்டாஃப்ட் நகரில் செய்வித்து வரவழைத்த அன்னவடிவக் கார், பின்னர் நாபா அரசரிடம் சேர்ந்து, இன்று நெதர்லாந்தின் ஹேக் நகரில் லோமன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கல்கத்தாத் தெருக்களில் அது கிளப்பிய பரபரப்பைப் படிக்கலாம். பார்க்க வேண்டுமென்றால் கடல் கடக்க வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழும் என்பதை அறிவேன். பல்கலைக்கழகங்களில் உதவித்தொகை மாதக்கணக்கில் வராத நிலையில், நூலகங்களில் இதழ்ச் சந்தா நிறுத்தப்படும் நிலையில், செல்வந்தரின் விளையாட்டுப் பொருளைப் பற்றி ஆய்வாளர்கள் ஏன் கவலைப்பட வேண்டும்? நிலவுடைமை ஆட்சியின் ஆடம்பரச் சின்னம் அழிந்தால் அழியட்டுமே? இம்மறுப்பில் நேர்மை உண்டு, நான் மதிக்கிறேன். ஆனால் அரண்மனையையும் கோட்டையையும் ஆராய்கையில் இக்கேள்வியை நாம் எழுப்புவதில்லை. ஆடம்பரத்தை ஆராய்வது ஆடம்பரத்தைப் போற்றுவதாகாது. சொல்லப்போனால், நாம் விலகி நிற்பதால்தான் போற்றுதல் மட்டும் எஞ்சுகிறது. திறனாய்வு செய்வோர் வெளியேறிய களத்தில் புகழ்மாலை மட்டுமே எழுதப்படும். உழைப்பு வரலாறு, காலனியப் பொருளாதாரம், தொழில்நுட்பப் பரவல், சமஸ்தான மக்களின் போராட்டம் ஆகிய அனைத்தும் ஒரு சேசிஸ் எண்ணில் சந்திக்கின்றன. ஒரு பொருளில் இத்தனை கேள்விகள் கூடுவது அரிது.

ஆகவே என் பரிந்துரைகள் நான்கு.

ஒன்று. பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்ய வரும் ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பத்துடன் ஒரு வரலாற்றுக் குறிப்பேடு கட்டாயமாக்கப்பட வேண்டும். முதல் உரிமையாளர், உடல் கட்டியவர், மாற்றிய உறுப்புகள், மாற்றிய ஆண்டு, சான்று உண்டா இல்லையா என்பன அதில் இருக்க வேண்டும். "சான்று இல்லை" என எழுதுவது இழுக்கன்று. அதுவும் ஒரு தகவல்.

இரண்டு. வாகனத்தைப் பார்வையிட்டுத் தகுதி காணும் மாநிலக் குழுவில் போக்குவரத்து அலுவலர்களுடனும் ஆர்வலர்களுடனும் வரலாற்றாய்வாளர் ஒருவருக்கும் இடம் தர வேண்டும். 'மூல வடிவம்' என்பது பொறியியல் கேள்வி மட்டுமன்று.

மூன்று. கார் கைமாறும்போது, அதனுடன் உள்ள காகிதங்களின் மின்படிகள் மாநில ஆவணக் காப்பகத்தில் சேர வேண்டும். காரின் உரிமை தனியாருக்குரியது. அதை யாரும் பறிக்க வேண்டியதில்லை. அதன் வரலாற்றின் ஒரு படி பொதுமக்களுக்குரியது.

நான்கு. இது அரசிடம் வேண்டுவதன்று, நம்மிடம் வேண்டுவது. பட்டறை மெக்கானிக்குகள், ஓட்டுநர்கள், கூரை தைத்தவர்கள் ஆகியோரின் வாய்மொழி வரலாற்றைத் தொகுக்கும் பணியை வரலாற்றுத் துறைகளும் நாட்டுப்புறவியல் துறைகளும் தம் முதுகலை ஆய்வேடுகளின் வழியாகத் தொடங்கலாம். பெரிய நிதி வேண்டியதில்லை. ஒரு கைப்பேசி, ஓர் ஊர், இரண்டு மாதக் களப்பணி. ஒவ்வோர் ஆண்டும் ஒரே தலைப்புகளைச் சுற்றிவரும் ஆய்வேடுகளுக்கு நடுவே இது புதிய காற்றாகவும் அமையும்.

இவற்றால் விற்பனையாளருக்கு இழப்பில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆவணத் தொடர்ச்சி உறுதியான கார் உலகச் சந்தையில் கூடுதல் விலை பெறுகிறது. உண்மை இங்கே வணிகத்துக்குப் பகையன்று. பகையாவது, உடலை மாற்றிவிட்டு மாற்றவில்லை என்பவருக்கும், அரசர் பெயரைக் கடன் வாங்குபவருக்கும் மட்டுமே.

இனி இத்தகைய அறிவிப்பு கண்ணில் பட்டால், காரின் அழகை இரசித்து அடுத்த படத்துக்கு நகர்ந்துவிட வேண்டாம் என்று ஆய்வு மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நான்கு கேள்விகள் போதும். எந்த அரசர், எந்த ஆண்டு, யாருடைய வரிப்பணம்? இந்த உடல் எப்போது கட்டப்பட்டது? பராமரித்தவர் பெயர் என்ன? காகிதங்கள் எங்கே? விற்பவரிடம் பணிவுடன் எழுதிக் கேளுங்கள். பதில் வந்தால் ஓர் ஆய்வுக் கட்டுரையின் தொடக்கம் கிடைக்கும். வராவிட்டாலும், கேட்பவர்கள் இருக்கிறார்கள் என்பது விற்பவருக்குத் தெரியும். அடுத்த அறிவிப்பு சற்று எச்சரிக்கையுடன் எழுதப்படும்.

சமஸ்தான ஆவணங்களிலோ பட்டறைகளிலோ களப்பணி செய்தவர்கள் தம் அனுபவங்களைக் கீழே பகிர வேண்டுகிறேன். மாற்றுக் கருத்துகளும் வரவேற்கப்படும்.